அழைத்தால் திரும்பும் நாய்

நாய் நன்றியுள்ள பிராணி என்பதைப் பாலர் வகுப்பிலேயே நாம் படித்துவிடுகின்றோம். சோறிட்டவனை அது மறவாது; அவன் காலடி ஓசை கேட்ட மாத்திரத்தே வாலைக் குழைத்துக்கொண்டு படலைவரை ஓடி வரும். ஆயினும், வேலியோரத்தில் ஒரு கீரி தலைகாட்டிவிட்டாற் போதும். அந்தக் கணத்தில் எசமானுமில்லை, சோறுமில்லை, அழைப்புமில்லை. நாம் தொண்டை கிழியக் கூவுவோம். நாயோ செவிப்புலன் அற்றது போல ஓடிக்கொண்டேயிருக்கும். நாய் வளர்ப்போர் எல்லோரும் கண்ட காட்சி இது. இதனை ஒரு வேடிக்கையாகவே பலரும் கொள்கின்றனர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கொண்டிருந்தேன்.

வன்னியில் ஒரு குளக்கட்டின் அருகே நாங்கள் குடியிருந்தபோது எங்கள் வீட்டில் 'வீரன்' என்றொரு நாட்டு நாய் இருந்தது. முயல், உடும்பு, மயில் எதைக் கண்டாலும் துரத்தும். துரத்திக் களைத்து, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அது திரும்பி வரும்போது, "இனிமேல் ஓடுவாயா?" என்று கேட்டுப் பூவரசங் கம்பால் இரண்டு அடி கொடுப்பேன். நாயைத் திருத்துவதாகவே எண்ணினேன். ஒரு மாலைப்பொழுதில் அது உடும்பொன்றின் பின்னே குளக்கட்டைவிட்டு இறங்கித் தெருவை நோக்கி ஓடிற்று. உடும்பு பற்றைக்குள் மறைந்தது. வீரன் தெருவின் நடுவே நின்றது. நான் அழைத்தேன். அது என்னைத் திரும்பிப் பார்த்தது. என் குரல் அதன் செவியில் விழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், வாலை ஒடுக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கிற்று. அவ்வேளை வந்த லொறியின் சாரதியால் ஒன்றுஞ் செய்ய இயலவில்லை.

அந்த நாய் நான் கற்பித்த பாடத்தை நன்றாகவே கற்றிருந்தது. 'வா' என்ற சொல்லுக்கு 'அடி' என்று பொருள் கற்பித்தவன் நானே. அதன் பின்னரே, பிராணிகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றி அறிஞர் கண்டவற்றைத் தேடிப் படிக்கலானேன். அவற்றுள் நம் குடும்பத்தினர்க்கும் மாணவர்க்கும் பயன்படத்தக்க சிலவற்றை இங்கே தருகின்றேன்.

ஒரு நாயும் ஐந்நூறு பறவைகளும்

நாய் துரத்துவதால் நாய்க்கு மட்டுமே தீங்கு என்று எண்ணற்க. நியூசிலாந்து நாட்டிலே கிவி என்றொரு பறவை உண்டு. அதற்குப் பறக்க இயலாது. மனிதர் அத்தீவுகளிற் குடியேறிய காலத்தில் அங்கே வெளவால்களையும் கடற்கரையிலே தங்கும் சீல்களையும் தவிர வேறு பாலூட்டிகள் இருந்ததில்லை. ஆகவே, நாய் போன்ற பகையிடமிருந்து தப்பும் வழி எதனையும் அப்பறவை அறியாது. பறக்கும் பறவைகளின் மார்பிலே காணப்படும் பருத்த தசையும், அதனைத் தாங்கும் எலும்பு முகடும் கிவிக்கு இல்லை. நாய் விளையாட்டாகக் கவ்வினாலும் அதன் மார்புக்கூடு நொறுங்கிவிடும்.

1987ஆம் ஆண்டில், அந்நாட்டின் வட பகுதியிலுள்ள வைத்தாங்கிக் காட்டில், ஆராய்ச்சியாளர் கிவிகள் சிலவற்றுக்குச் சிறு வானொலிக் கருவிகளைப் பூட்டி அவற்றின் நடமாட்டத்தை அறிந்துவந்தனர். திடீரென அப்பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்து கிடக்கக் கண்டனர். கருவி பூட்டியவற்றுள் 13 பறவைகள், அதாவது பாதிக்கு மேற்பட்டவை, சில வாரங்களுள் மடிந்தன. கொன்றது ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துப் பெட்டை நாய் ஒன்றே! அந்நாயைச் சுட்டபின் சாவு நின்றது. அக்காட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 900 கிவிகளுள் 500 வரை அவ்வொரு நாயால் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டனர்.

இதே நாட்டின் சரித்திரத்தில் இதற்கு மாறான செய்தியும் உண்டு. 1890களில் ரிச்சட் ஹென்றி என்பவர் ரெசொலூஷன் தீவின் காவலராக நியமிக்கப்பட்டார். கொன்றுண்ணும் பிராணிகளுக்கு இரையாகி அழிந்துகொண்டிருந்த காகாப்போ, கிவி ஆகிய பறவைகளைப் பிடித்து அத்தீவிலே பாதுகாப்பாக விடுவது அவர் பணி. இரவில் உலாவும் அப்பறவைகளைக் கண்டுபிடிக்க அவர் வாய்க்கூடு இட்ட நாயையே துணைகொண்டார். நூற்றுக்கணக்கான பறவைகள் அவ்வாறு இடம் மாற்றப்பட்டன. இன்றும் அந்நாட்டில் அருகிவரும் பறவைகளைத் தேடிக் கணக்கெடுக்கப் பழக்கிய நாய்கள் உதவுகின்றன.

மூக்கு ஒன்றே; வேட்டையுணர்வும் ஒன்றே. ஒரு நாய் காட்டைக் காலியாக்கிற்று. மற்றொரு நாய் காடு காக்கத் துணைநின்றது. இடையிலே நின்ற வேறுபாடு பழக்கமே.

துரத்தலே பரிசு

நாய் ஏன் துரத்துகின்றது? பசியினால் என்று சொல்வதற்கில்லை. வயிறாரச் சோறுண்ட நாயும் அணிலைக் கண்டால் பாய்கின்றது. ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி போன்றது: இரையை நோக்குதல், பதுங்கி அணுகுதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், உண்ணுதல் எனக் கண்ணி கண்ணியாகத் தொடர்வது. மனிதன் நாயைப் பல தலைமுறைகளாகத் தெரிந்து வளர்த்தபோது இச்சங்கிலியின் சில கண்ணிகளை வலுப்படுத்தினான்; சிலவற்றைத் தளர்த்தினான். ஆட்டு மந்தையை ஒதுக்கும் கொலி நாய், உற்று நோக்கும், பதுங்கும், துரத்தும், ஆனால் ஆட்டைக் கொல்லாது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், ஒவ்வொரு கண்ணியும் தன்னளவிலே நாய்க்கு இன்பந் தருவதாகும். அணில் மரத்தில் ஏறித் தப்பிவிட்டது, நாய் ஏமாந்தது என்று நாம் நினைக்கின்றோம். நாய் ஏமாறவில்லை. ஓடிய ஓட்டமே அதற்குக் கிடைத்த பரிசு. இதனாலேதான், "பத்து முறை ஓடிக் களைத்தால் தானே விட்டுவிடும்" என்ற நம்பிக்கை பொய்க்கின்றது. பத்து முறை துரத்திய நாய் பத்து முறை பரிசு பெற்ற நாய்.

பூனையும் தாழ்ப்பாளும்

அமெரிக்க உளநூலறிஞரான எட்வட் தோண்டைக் 1898ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். பசித்த பூனையை மரப்பெட்டிக்குள் அடைத்தார். வெளியே மீனை வைத்தார். பூனை பிறாண்டியது, கடித்தது, முட்டியது. தற்செயலாகத் தாழ்ப்பாளை அசைத்தபோது கதவு திறந்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது, பயனற்ற செயல்கள் படிப்படியாகக் குறைந்தன. தாழ்ப்பாளை அசைக்கும் செயல் மட்டும் நிலைத்தது. இன்பமான விளைவைத் தந்த செயல் நிலைக்கும் என்பதே அவர் கண்ட விதி.

ருஷ்ய அறிஞர் பவ்லோவின் நாய்களை மாணவர் அறிவர். சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். உணவு வருமுன் ஓர் ஒலியைப் பலமுறை கேட்ட நாய்க்குப் பின்னர் அவ்வொலி கேட்டவுடனேயே வாயூறியது. ஒலிக்கு உணவின் பொருள் ஏறிவிட்டது. என் வீரனுக்கு 'வா' என்ற ஒலியில் கம்பின் பொருள் ஏறியதும் இவ்விதியின்படியே.

பின்வந்த ஸ்கின்னர் என்பார் மற்றொன்றைக் கண்டார். பழக்கம் உருவாகும் வரை ஒவ்வொரு முறையும் பரிசு வேண்டும். உருவானபின், சிலமுறை கொடுத்தும் சிலமுறை கொடாமலும் விட்டால் அப்பழக்கம் எளிதில் அழியாது. சூதாடி எழுந்து போகாமைக்குக் காரணமும் இதுவே: அடுத்த முறை கிடைக்கலாம் என்ற ஆசை அவனைப் பிடித்து வைக்கின்றது.

பாட்டி அறிந்த விதி

"சோற்றை உண்டு முடி, பிறகு விளையாடலாம்" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. இதனை ஒரு விதியாக வகுத்தவர் டேவிட் பிரேமாக். 1959இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிறு பிள்ளைகளின் முன்னே ஒரு விளையாட்டு இயந்திரமும் இனிப்பு வழங்கும் இயந்திரமும் வைக்கப்பட்டன. விளையாட்டை விரும்பிய பிள்ளைகள் விளையாடுவதற்காக இனிப்பை அதிகம் உண்டனர். இனிப்பை விரும்பியோர் இனிப்புக்காக அதிகம் விளையாடினர். ஆகவே, பரிசு என்பது உணவு மாத்திரமன்று. எந்தச் செயலை அதிகம் விரும்புகின்றோமோ அச்செயலே, குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாகும்.

நாய்க்கு இவ்விதி பெரிதும் பொருந்தும். அணில் ஓடிய இடத்தை மோந்து பார்க்க நாய் துடிக்கின்றது. முதலில் நம்மைத் திரும்பிப் பார்த்தால், "போ, மோந்து பார்" என்று விடலாம். அணில் மரமேறிவிட்டது, அதற்குத் தீங்கில்லை. நாய்க்கோ, எசமானைத் திரும்பிப் பார்த்தால் விரும்பியது கிடைக்கும் என்ற பாடம் மனத்திற் பதிகின்றது. நம்மை வேட்டைக்குக் குறுக்கே நிற்கும் பகைவராகக் கருதிய நாய், வேட்டையிற் பங்காளியாகக் கருதத் தொடங்குகின்றது.

பழக்கும் முறை

முதலாவது, பரிசு தெரிதல். தினமும் தட்டிலே கிடைக்கும் சோற்றை அணிலுக்கு ஈடாக நாய் கருதாது. அவித்த ஈரல், அவித்த கோழியிறைச்சி, அவித்த முட்டை ஆகியவற்றைப் பயறளவு துண்டுகளாக்கிக் கொள்க. கருவாட்டில் உப்பு மிகுதி. அதனைத் தவிர்த்தல் நன்று. வெங்காயம், சொக்கலேற், முந்திரிகை வற்றல் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். சிறு துண்டும் கொடுத்தலாகாது. பரிசுக்குக் கொடுக்கும் அளவை அன்றைய உணவிற் குறைத்துவிடுக.

இரண்டாவது, ஒரு சொல்லைத் தெரிதல். வீட்டுக்குள்ளே, வேறு பராக்கு இல்லாத வேளையில், 'சரி' என்று சொல்லி உடனே ஒரு துண்டைக் கொடுங்கள். சில நாட்கள் இதனைச் செய்தால், 'சரி' என்ற சொல்லே இனிமையுடையதாகிவிடும். சொல்லுக்கும் பரிசுக்கும் இடையே தாமதம் கூடாது. நாய் நல்ல காரியஞ் செய்த அதே கணத்தில் அச்சொல் விழவேண்டும்.

மூன்றாவது, கயிறு. ஏறக்குறைய 30 அடி நீளமான கயிற்றை மார்புப்பட்டியிற் கட்டுங்கள். கழுத்திற் கட்டினால் பாயும்போது நாய்க்குக் காயமுண்டாகும். இக்கயிறு இழுத்துத் தண்டிப்பதற்கு உரியதன்று. நாய் துரத்தித் தானே பரிசு பெற்றுக்கொள்வதைத் தடுப்பதே இதன் பயன். பழகும் காலத்தில் ஒரு துரத்தல் பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும்.

நான்காவது, தூரம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. அணில் விளையாடும் மரத்தடியிலே தொடங்காதீர்கள். நாய் அணிலைக் காணவேண்டும். ஆயினும் கையிலுள்ள துண்டை வாங்கி உண்ணக்கூடிய நிதானத்திலும் இருக்கவேண்டும். அத்தகைய தூரத்தில் நில்லுங்கள். அது ஐம்பது யாராகவும் இருக்கலாம். உணவை மூக்கருகே நீட்டியும் நாய் திரும்பவில்லையாயின், நீங்கள் மிக அருகே வந்துவிட்டீர்கள் என்பது பொருள். கோபிக்காமல் பின்னே செல்லுங்கள்.

அங்கே நின்றுகொண்டு நாயைக் கவனியுங்கள். அது அணிலைப் பார்க்கும். ஒன்றுஞ் சொல்லாதீர்கள். சற்று நேரத்தில் தலையைச் சிறிதளவேனும் உங்கள் பக்கம் திருப்பும். அக்கணமே 'சரி' என்று சொல்லிப் பரிசைக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் இருமுறை செய்தாற் போதும். வெயில் ஏறுமுன்பும், வெயில் சாய்ந்த பின்பும் செய்தல் நாய்க்கும் நமக்கும் நல்லது. அணிலைக் கண்டவுடன் தானாகவே நம்மைத் திரும்பிப் பார்க்கும் நிலை வந்தபின், சில அடிகள் நெருங்கலாம். பிழைக்கத் தொடங்கினால் மீண்டும் விலகலாம்.

ஐந்தாவது, அழைப்பு. இதுவரை நீங்கள் பயன்படுத்திக் கெடுத்துவிட்ட சொல்லை விட்டுப் புதிய சொல்லொன்றைத் தெரியுங்கள். ஊதுகுழல் ஒலியாயினும் நன்று. முதலில் வீட்டுக்குள், பிறகு வளவில், பிறகு கயிற்றோடு வெளியில். வந்த ஒவ்வொரு முறையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல துண்டுகள் கொடுங்கள். கொடுத்தபின் மறுபடியும் விளையாட விடுங்கள். அழைத்தவுடன் கட்டிப்போடுவதே வழக்கமானால், அழைப்பு என்பது இன்பத்தின் முடிவு என்று நாய் அறிந்துகொள்ளும்.

தவிர்க்க வேண்டியவை

கையிலே இறைச்சியைக் காட்டி அழைப்பது கைக்கூலி. வந்தபின் கொடுப்பது பரிசு. கைக்கூலிக்குப் பழகிய நாய் வெறுங்கையைக் கண்டால் வராது. ஆகவே, துண்டுகள் சட்டைப் பையிலே மறைந்திருக்கட்டும்.

எவ்வளவு தாமதித்து வந்தாலும், எதனைத் துரத்திவிட்டு வந்தாலும், திரும்பி வந்த நாயை அடிக்காதீர்கள், ஏசவும் வேண்டாம். அரை மணி நேரத்துக்கு முன் ஓடியதற்காக இப்போது அடி விழுகிறது என்று நாய் கணக்கிடுவதில்லை. வந்தேன், அடி விழுந்தது என்று மட்டுமே அது அறியும். இந்த ஒரு வரியை நான் முன்னமே அறிந்திருந்தால் வீரன் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கும்.

மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டி பற்றிச் சிலர் கேட்கக்கூடும். நியூசிலாந்தில், கிவி வாழும் காடுகளுக்குச் செல்லும் வேட்டை நாய்களை அப்பறவையின் மணத்துக்கு அஞ்சும்படி இக்கருவியாற் பழக்குவது உண்டு. அழிந்துபோகும் ஓரினத்தைக் காப்பதற்காக அங்கே அதனை ஏற்றுக்கொண்டனர். ஆனால் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் 2010ஆம் ஆண்டு முதல் அக்கருவி நாய்களுக்கும் பூனைகளுக்கும் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. நோவு எதனோடு பிணைக்கப்படும் என்பது நம் கையில் இல்லாமையே இதன் பெருங் குறை. அதிர்ச்சி வந்த கணத்தில் அருகே நின்ற குழந்தையை நாய் நோவுக்குக் காரணமாகக் கொண்டால் விளைவு என்னாகும்? குடும்பத்தில் வாழும் நாய்க்கு அது தகாது என்பதே என் துணிபு.

பரிசின் எல்லை

பரிசினால் எல்லாம் முடியும் என்று சொல்வதும் உண்மையாகாது. ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரிலண்டும் அவர் மனைவி மரியனும் பலவகைப் பிராணிகளைப் பழக்கிக் காட்சிகள் நடத்தியவர்கள். 1961இல் தங்கள் தோல்விகளை அவர்கள் ஒளியாது எழுதினர். ரக்கூன் என்னும் பிராணிக்கு நாணயங்களைப் பெட்டியில் இடப் பழக்கினர். ஒரு நாணயத்தை ஒருவாறு இட்டது. இரண்டு கொடுத்தபோது, அவற்றைப் பெட்டியில் இடாமல், இரையைத் தேய்த்துக் கழுவுவது போலக் கைகளிடையே வைத்துத் தேய்த்துக்கொண்டேயிருந்தது! இட்டிருந்தால் உணவு கிடைத்திருக்கும். ஆயினும் பிறவிக்குணம் பழக்கத்தை மேவிவிட்டது.

ஆகையால், எத்துணை நன்றாகப் பழகிய நாயாயினும், தெருவோரத்திலும், பறவைகள் தரையிற் கூடுகட்டும் இடங்களிலும் கயிற்றைக் கழற்றுதல் ஆகாது. இரவில் நாயைக் கட்டின்றி ஊர்சுற்ற விடுதலும் தவறு. நம் நாட்டுப் பற்றைகளில் நாகமும் கண்ணாடி விரியனும் உண்டு. துரத்திச் செல்லும் நாய் அவற்றைக் கவனிப்பதில்லை. கீரி முதலிய காட்டுப் பிராணிகளுக்கும் விசர்நோய் வரக்கூடும். ஆதலின் மிருக வைத்தியரிடம் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தல் இன்றியமையாதது.

பந்துக்காக உழைத்த நாய்

பிறவிக்குணத்தை அடக்குவதிலும் அதற்கு வேறு வழி காட்டுவதே சிறந்தது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாசர் என்பாரும் அவர் குழுவினரும், காட்டுப் பிராணிகளின் எச்சத்தை மோப்பத்தாற் கண்டுபிடிக்க நாய்களைப் பழக்கினர். எச்சத்தை ஆராய்ந்தால், பிராணியைத் தொடாமலே அதன் உணவு, நோய், கர்ப்பம் முதலியவற்றை அறியலாம். இப்பணிக்கு அவர்கள் தெரிந்தெடுத்த நாய்களுட் பல, அடங்காத் துடிப்பினால் வீடுகளிலிருந்து கைவிடப்பட்டவை. அவற்றுக்குப் பந்து விளையாட்டிலே தீராத வெறி. எச்சத்தைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும். பிராணியைத் துரத்தினால் கிடைக்காது.

அவற்றுள் 'டக்கர்' என்ற கறுப்பு நாய் படகின் முன்புறத்தில் நின்றபடி, கடலில் மிதக்கும் ஓர்க்கா திமிங்கிலத்தின் எச்சத்தை மோந்து வழிகாட்டிற்று. நீரில் இறங்க விரும்பாத நாய் அது! ஒரு பந்துக்காகக் கடலிலே அறிவியலாருக்கு வழிகாட்டியது. வீட்டிலே தொல்லை என்று தள்ளப்பட்ட அதே துடிப்பு, உரிய பரிசு கிடைத்தபோது ஊருக்கு உபகாரமாயிற்று.

இப்பொழுது எங்கள் வீட்டில் 'மணி' என்றொரு பெட்டை நாய் இருக்கின்றது. அதனைப் பழக்கியவள் என் மகள். நான் செய்ததெல்லாம் ஈரலை வெட்டிக் கொடுத்ததும், கம்பை அடுப்பில் வைத்ததுமே. நான்கு மாதங்கள் சென்றன. நடுவே பல நாள்கள் பயனின்றிக் கழிந்தன. மரத்தடியில் நின்று குரைக்கும் நாயைப் பார்த்து நாங்கள் மனம் சோர்ந்ததும் உண்டு.

ஒரு மாலை, குளக்கட்டில் எங்களுக்கு முன்னே புல்லிலிருந்து முயலொன்று எழுந்து பாய்ந்தது. மணி நாலு பாய்ச்சல் பாய்ந்தது. கயிறு இன்னும் தளர்ந்தே கிடந்தது. மகள் அழைத்தாள். நாய் நின்றது. முயல் போன திசையைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, பின்பு காதுகளை மடித்துக்கொண்டு எங்களிடமே ஓடி வந்தது. பையிலிருந்த ஈரல் முழுவதையும் அவள் அதற்குக் கொடுத்துவிட்டாள். முயல் பற்றைக்குள் சென்று மறைந்தது.

ஒவ்வொரு முறையும் அவ்வாறு வருகின்றது என்று நான் சொல்லமாட்டேன். தெருவோரத்தில் இன்றும் அதன் கயிற்றை நாங்கள் கழற்றுவதில்லை. ஆனால், அழைக்கும்போது அந்த நாய் எங்கள் முகத்தைப் பார்க்கின்றது; அப்பார்வையில் அச்சமில்லை.